பூவும் உடலும்: நவீன ஓவியங்களை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் ஓவியத்தில் ஒரு பெண், பக்கத்தில் பூக்கள். பார்த்த மாத்திரத்தில் நம் மனசு ஒரு கணக்குப் போட்டு முடித்துவிடும். பூ என்றால் அழகு, மென்மை, காதல். ஆக இவள் அழகானவள், மென்மையானவள், காதலில் இருப்பவள். அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். பழைய ஐரோப்பிய ஓவியங்கள் பலவற்றில் இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். லில்லி இருந்தால் மரியாளின் தூய்மை, ரோஜா இருந்தால் காதல் தெய்வமான வீனஸ் என்று வரைபவரும் பார்ப்பவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஓர் அகராதி அன்று இருந்தது. 1860-களிலிருந்து வந்த ஓவியர்கள் கைவைத்த முக்கியமான இடங்களில் ஒன்று அந்த அகராதிதான். பூவை அவர்கள் விடவில்லை. பூவுக்கும் மனிதருக்கும் இருந்த பழைய உறவை மாற்றினார்கள்.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொல்லப்போகிறேன். "இந்தப் பூவுக்கு என்ன அர்த்தம்?" என்று தொடங்காதீர்கள். "இந்தப் பூவுக்கும் இந்த உடலுக்கும் நடுவில் என்ன நடக்கிறது?" என்று தொடங்குங்கள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்வது முக்கியம். பூவின் பெயரும் ஓவியரின் வாழ்க்கைக் கதையும் வேண்டுமென்றே கடைசிப் பகுதிக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன.

1. தலைப்பைப் படிக்காமல் பாருங்கள்

அருங்காட்சியகத்தில் நின்று பார்த்தாலும் சரி, திரையில் பார்த்தாலும் சரி, பெயர்ப்பலகையையும் விளக்கக் குறிப்பையும் முதலில் ஒதுக்கிவையுங்கள். ஒரு தாளில் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். "சோகமான பெண்" என்று எழுதக் கூடாது. "தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கண் நம்மைப் பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும். "அழகான பூக்கள்" என்றும் வேண்டாம். "பத்துப் பன்னிரண்டு பூக்கள், இரண்டு தொங்கிவிட்டன, ஒன்று மேசையில் கிடக்கிறது" என்பதுதான் வேண்டும். உணர்ச்சிச் சொற்கள் எல்லாம் முடிவுகள். முடிவை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் கண் அப்புறம் வேலை செய்யாது.

பூ பறித்ததா, செடியில் இருப்பதா, துணியிலோ சுவரிலோ வரைந்ததா என்பதைத் தவறாமல் குறியுங்கள். பறித்த பூவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கை இருக்கிறது, அந்தக் கை படத்தில் தெரியாவிட்டாலும். செடியில் இருக்கும் பூ யாருக்காகவும் பூக்கவில்லை. சுவர்க்காகிதத்தில் இருக்கும் பூ வாடவே வாடாது. மூன்றும் மூன்று வேறு கதைகளைத் தொடங்கிவைக்கும்.

ஓவியத்தின் அளவையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவாகத் தெரியும் என்பதால் இது பலருக்கும் விட்டுப்போகும். குஸ்தாவ் கிளிம்ட்டின் "முத்தம்" 180 செ.மீ. சதுரம், அதன் முன்னால் நிற்கும்போது அந்த இருவரும் கிட்டத்தட்ட நம் உயரத்துக்கு வருகிறார்கள். ஜார்ஜியா ஓ'கீஃப் 1926-இல் வரைந்த "கறுப்பு ஐரிஸ்" ஏறக்குறைய 90 செ.மீ. உயரம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பூவுக்கு முன்னால், அதைவிடச் சின்னவராகிவிட்டதுபோல் நீங்கள் நிற்கிறீர்கள். அந்த உணர்வைக் கைபேசித் திரை தராது.

2. யாருக்கு எவ்வளவு இடம்?

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். விவரங்கள் மங்கி, பெரிய வடிவங்கள் மட்டும் நிற்கும். தாளில் ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் பூவுக்கு ஒரு வட்டம், உடலுக்கு ஒரு வட்டம் போடுங்கள். வரையத் தெரிய வேண்டியதில்லை. எது பெரிது, எது நடுவில், எது ஓரத்தில் என்று தெரிந்தால் போதும்.

இதைப் பழக, எனக்குத் தெரிந்து, எட்கர் தெகா 1865-இல் வரைந்த ஓர் ஓவியத்தைவிடச் சிறந்தது இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 73.7 செ.மீ. உயரம், 92.7 செ.மீ. அகலம். மேசை மேல் ஒரு பூச்சாடி. அதில் ஆஸ்டர், டாலியா என்று பெரிய பூங்குவியல். படத்தின் நடுப்பகுதி முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. வலது ஓரத்தில் ஒரு பெண், மேசையில் முழங்கையை ஊன்றி, விரல்களை வாயருகே வைத்துக்கொண்டு, சட்டகத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேசையில் ஒரு கண்ணாடி நீர்க்குவளையும் கையுறையும் இருக்கின்றன.

கட்டம் போட்டுப் பார்த்தால் உடனே ஒரு கேள்வி வரும். இது யாருடைய உருவப்படம்? வழக்கமாக ஆள் நடுவில் இருப்பார், பூ ஓரத்தில் அலங்காரமாக இருக்கும். இங்கே தலைகீழ். பூக்கள் நம்மைப் பார்த்து முழுசாக விரிந்திருக்கின்றன. நிறம், செழிப்பு எல்லாவற்றையும் வாரிக் கொடுக்கின்றன. அவளோ எதையும் கொடுக்கவில்லை. வாயைக் கை மறைக்கிறது, பார்வை நம்மிடம் இல்லை.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். வீட்டுப் பொருள்களில் ஒன்றாக அவளைச் சுருக்கிவிட்டார் தெகா என்பது ஒன்று. நம் பார்வையைப் பூக்கள் பிடித்து நிறுத்திவைக்க, அந்த மறைவில் அவள் தன் சிந்தனையோடு தனியாக இருக்கிறாள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. அவளை வெறும் அலங்காரமாக்க நினைத்திருந்தால் அந்தக் கையும் அந்தக் கண்ணும் தேவையே இல்லை. மனசுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் கை அது. முகத்தை நமக்குத் திருப்பிக் காட்டாத உரிமையை ஓவியர் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்த ஓவியத்துக்குச் "செவ்வந்திப் பூக்களுடன் பெண்" என்றொரு பெயர் நெடுங்காலம் வழங்கியது. பூக்களை உற்றுப் பார்த்துத்தான் அது பொருந்தவில்லை என்றார்கள். தலைப்பைக் கடைசியில் படியுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பல தலைப்புகள் ஓவியர் வைத்தவை அல்ல.

பூ உடலுக்குப் பின்னால் போகும்போது வேலை மாறும். வான் கோ 1888 டிசம்பரிலிருந்து 1889 மார்ச் வரை, தபால் ஊழியர் ழோசஃப் ரூலனின் மனைவி ஒகுஸ்தினை "தாலாட்டுபவள்" என்று ஐந்து முறை வரைந்தார். அவர் கையில் ஒரு கயிறு. அதன் மறுமுனையில் தொட்டில் இருக்கிறது, ஆனால் படத்தில் இல்லை. குழந்தையையே காட்டாத ஒரு தாய் ஓவியம். பின்சுவர் முழுக்கப் பெரிய டாலியாக்கள் சுழன்று கிடக்கின்றன. அவர் முகத்தில் சிரிப்பில்லை, உடம்பு கனமாக நாற்காலியில் ஊன்றியிருக்கிறது. தாலாட்டின் அசைவு முழுவதையும் சுவர்தான் செய்கிறது. இந்தப் படத்தை இரண்டு சூரியகாந்தி ஓவியங்களுக்கு நடுவில் மாட்ட வேண்டும் என்று வான் கோ தம்பி தியோவுக்கு எழுதினார். பூக்கள் அந்தத் தாய்க்கு இருபுறமும் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார் என்றால், பின்னணியை வெறும் சுவர் என்று நாம் தள்ளிவிட முடியாது.

3. கைகளைப் பாருங்கள்

முகத்தை விட்டுவிட்டுக் கைக்கு வாருங்கள். பூவைக் கை எப்படிப் பிடித்திருக்கிறது? விரல் நுனியிலா, முஷ்டியிலா, மடியில் விட்டுவிட்டதா, தொடவே இல்லையா? முகத்தை நம்பிப் படிக்கும்போது நாம் ஏமாறும் இடங்களில் கை பெரும்பாலும் உதவும்.

லூசியன் ஃபிராய்ட் 1947-48-இல் வரைந்த "ரோஜாக்களுடன் பெண்" ஓவியத்தில் இருப்பவர் அவர் மணந்துகொண்ட கிட்டி கார்மன். ஒரு ரோஜா கையில், இன்னொன்று மடியில். பூவை முகர்வதற்காகப் பிடிக்கும் பிடி இல்லை அது. விட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்பதுபோல் ஒரு இறுக்கம். கண்கள் அளவுக்கு மீறி அகன்று, நம்மைத் தாண்டி எங்கோ நிலைத்திருக்கின்றன. ரோஜாவுக்குக் காதல் என்று அகராதி சொல்லும். கை அதற்குப் பக்கத்தில் பயம் என்று எழுதுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தப் படம் திறக்கும்.

டியேகோ ரிவேராவின் 1935-ஆம் ஆண்டு ஓவியமான "பூச்சுமப்பவர்" வேறு வகை. சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு மனிதர் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றியிருக்கிறார். முதுகில் அவரைவிட அகலமான கூடை, கூடை நிறையப் பூக்கள். மார்பைச் சுற்றி ஒரு மஞ்சள் துணிப் பட்டை கூடையோடு கட்டியிருக்கிறது. பின்னால் ஒரு பெண் கூடையைத் தாங்கிப் பிடிக்கிறார். இப்போது கைகளை எண்ணிப் பாருங்கள்: நான்கு கைகள், ஒன்றுகூடப் பூவைத் தொடவில்லை. இரண்டு மண்ணில், இரண்டு கூடையில். அந்த மனிதர் தலையைத் திருப்பினாலும் பூக்களைப் பார்க்க முடியாது. அவை அவருக்கு எடை. யாரோ ஒருவர் வீட்டில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பூக்கள் ஆகும். ரிவேரா இதை எந்த வாசகமும் எழுதாமல், ஒரு பட்டையையும் நான்கு கைகளையும் வைத்தே சொல்லிவிடுகிறார். இந்தப் படத்தை "மெக்சிகோவின் வண்ணமயமான வாழ்க்கை" என்று விளக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

4. பூவும் தோலும் ஒரே தூரிகையில் வந்தவையா?

இந்தப் படிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, பூ இருக்கும் இடத்தையும் தோல் இருக்கும் இடத்தையும் மாறி மாறிப் பாருங்கள். வண்ணம் தடிமனா, மெலிசா? கோடு கூர்மையா, கலங்கலா? நிழல் விழுகிறதா, தட்டையா? ஒரே மாதிரி வரைந்திருந்தால் ஓவியர் இரண்டையும் ஒரே உலகத்தில் வைக்கிறார். வேறு வேறு மாதிரி என்றால் நடுவில் ஓர் எல்லை இருக்கிறது.

1907-08-இல் கிளிம்ட் வரைந்த "முத்தம்" வியன்னாவின் பெல்வெடேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகம், கை, கால் மட்டும் இயல்பாக, உருண்டு திரண்டு வரையப்பட்டிருக்கின்றன. மீதி எல்லாம் பொன்னும் வடிவங்களும். ஆணின் அங்கியில் கறுப்பு வெள்ளைச் செவ்வகங்கள். பெண்ணின் அங்கியில் வண்ண வட்டங்கள், பூக்கள். கீழே அவள் மண்டியிட்டிருப்பதும் பூத்தரை. அங்கியின் பூ எங்கே முடிகிறது, தரையின் பூ எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். அவள் அந்த நிலத்தோடு சேர்ந்தவளாகிறாள். அவனுடைய செவ்வகங்கள் அப்படிக் கலக்கவில்லை. அப்புறம் அவள் கால்விரல்களைப் பாருங்கள். பூத்தரை அங்கேயே அறுந்துபோகிறது. விரல்கள் விளிம்பில் மடங்கிப் பிடித்திருக்கின்றன. சுவரொட்டியிலும் கோப்பையிலும் அச்சாகும்போது இந்த விளிம்பைத்தான் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். அதோடு படத்தின் பாதி அர்த்தமும் போய்விடுகிறது.

மத்தீஸ் இதையே எதிர்த்திசையில் செய்து பார்த்தவர். பாரிஸின் பொம்பிது மையத்துக்குச் சொந்தமான அவருடைய 1925-26 ஓவியம் ஒன்றில், பூவேலைப்பாடு நெரியும் சுவருக்கு முன்னால் ஒரு நிர்வாணப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முதுகு ஒரு செங்குத்துக் கோடு. சுவரில் ஆயிரம் வளைவுகள். உடலோ கல்லில் செதுக்கியதுபோல் கெட்டி. பூக்கள் அவளை விழுங்கப் பார்க்கின்றன, அவள் மசியவில்லை.

பிக்காசோ 1946-இல் எல்லையையே அழித்தார். அப்போது அவரோடு வாழ்ந்த ஓவியர் ஃபிரான்சுவாஸ் ஜிலோவைப் பூவாகவே வரைந்தார்: தண்டுபோல் மெலிந்த உடல், இலைகளாக விரியும் கூந்தல், நடுவில் நீலம் படர்ந்த முகம். அழகான படம்தான். ஆனாலும் ஒரு மனிதரைப் பூவாக்கும்போது அவரிடமிருந்து எதை எடுத்துவிடுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். பூவால் நடக்க முடியாது. ஜிலோ 1953-இல் அவரை விட்டு நடந்தார், 101 வயது வரை வாழ்ந்தார், கடைசிவரை ஓவியராகவே இருந்தார். படத்தை மதிப்பதற்கும் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கும் முரண்பாடு இல்லை என்பது என் எண்ணம்.

5. இந்தப் பூ யார் கொடுத்தது, யாருக்குப் போகிறது?

பறித்த பூவுக்கு ஒரு பயணம் உண்டு. அது படத்துக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், சில ஓவியங்களில் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் தெரியத் தொடங்குவார்கள்.

டிஷியன் 1538-இல் முடித்த "உர்பினோ வீனஸ்" கையில் ரோஜாக்களை வைத்திருக்கிறாள். அவை அவளுடையவை, அவள் தெய்வம் என்பதற்கான அடையாளம். எதுவார் மானே அவள் நிர்வாணமாகப் படுத்திருக்கும் அதே நிலையை எடுத்துக்கொண்டு, 1863-இல் ஒரு விலைமாதாக "ஒலிம்பியா"வை வரைந்தார். இங்கே ரோஜா கையில் இல்லை. காகிதத்தில் சுற்றிய பெரிய பூங்கொத்தைப் பணிப்பெண் ஏந்தி நிற்கிறார். காகிதம் இருக்கிறது என்றால் அது வெளியிலிருந்து வந்திருக்கிறது, யாரோ அனுப்பியிருக்கிறார். ஒலிம்பியா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் பார்ப்பது நம்மை. பூவை அனுப்பியவர் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம். 1865-இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் கொதித்ததற்கு நிர்வாணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. நிர்வாண ஓவியங்கள் அங்கே புதிதல்ல. தெய்வத்தின் அடையாளமாக இருந்த பூ, வாடிக்கையாளரின் அன்பளிப்பாக மாறிவிட்டது. அந்த வாடிக்கையாளர் படத்துக்கு வெளியே, பார்வையாளர்களின் கூட்டத்தில் இருந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தைப் பற்றி நூறு வருஷத்துக்கும் மேலாக எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஒலிம்பியாவைப் பற்றி எழுதினார்கள், பூவைப் பற்றி எழுதினார்கள், கறுப்புப் பூனையைப் பற்றிக்கூட எழுதினார்கள். பூவை ஏந்தியிருக்கும் கறுப்பினப் பெண்ணைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார்கள். மாடலாக நின்றவர் பெயர் லோர். இந்த ஓவியம் இருக்கும் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் 2019-இல் கறுப்பின மாடல்களை மையமாக வைத்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆய்வுகளால் இப்போது அவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். பூவுக்கும் உடலுக்கும் உள்ள உறவைத் தேடும்போது, உடல்கள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்.

மானேயின் கடைசிப் பெரிய ஓவியமான "ஃபோலீ-பெர்ஜேரின் மதுக்கூடம்" 1882-இல் வந்தது. லண்டன் கோர்ட்டோல்ட் காட்சியகத்தில் இருக்கிறது. பளிங்கு மேடைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் கழுத்துக்குக் கீழே, சட்டையின் திறப்பில் ஒரு சின்னப் பூங்கொத்து. மேடையில் ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு ரோஜாக்கள். சுற்றிலும் ஷாம்பெய்ன் புட்டிகள், ஒரு தட்டு நிறைய ஆரஞ்சு. எல்லாம் விற்பனைக்கு. மார்பில் இருக்கும் பூவும் அந்த வரிசையில் சேருமா, சேராதா என்பதுதான் மானே நம்மிடம் விடும் கேள்வி. அவள் முகத்தில் பதில் இல்லை.

6. இப்போது பூவின் பெயரைத் தேடலாம்

இத்தனை நேரம் பார்த்த பிறகு தாவரப் பெயர் உண்மையாகவே பயன்படும். 1890 ஜூனில் வான் கோ வரைந்த மருத்துவர் கஷேயின் உருவப்படத்தில், மேசையில் ஃபாக்ஸ்குளோவ் பூங்கிளை இருக்கிறது. இதய நோய்க்கான டிஜிட்டாலிஸ் மருந்து கிடைப்பது இந்தச் செடியிலிருந்துதான். வெறும் ஊதாப் பூவாகத் தெரிந்தது, பெயர் தெரிந்ததும் மருத்துவரின் தொழிலாகிவிடுகிறது. ஆனால் கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்து, கண்கள் தளர்ந்து சாய்ந்திருக்கும் அந்த உடலை முதலில் பார்த்திருந்தால்தான் அடுத்த கேள்வி வரும்: மருந்தைப் பக்கத்தில் வைத்திருப்பவரே ஏன் இப்படி இருக்கிறார்? பெயர் மட்டும் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி எழாது.

ஓவியரே அகராதியைக் கையில் கொடுத்துவிடும் படங்களும் உண்டு. 2018-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட பராக் ஒபாமாவின் உருவப்படத்தில், கெஹிந்தே வைலி இலைச்சுவருக்கு நடுவில் மூன்று பூக்களை வைத்தார். சிகாகோவுக்குச் செவ்வந்தி, ஒபாமா பிறந்த ஹவாய்க்கு மல்லிகை, தந்தையின் கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல லில்லி. இங்கே பெயர் தெரியாமல் படம் பாதிதான் புரியும். ஆனால் பெயரோடு நின்றுவிட்டால், அந்த இலைகள் அவர் காலையும் நாற்காலியையும் சுற்றி ஏறுவதைக் கவனிக்காமல் போய்விடுவோம்.

ஒரு எச்சரிக்கை. பூ என்னவென்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் பெயர் சூட்டாதீர்கள். நாலு தூரிகை வீச்சில் வந்த வெள்ளைப் பூவை லில்லி என்று முடிவுகட்டி, அதிலிருந்து தூய்மை, அதிலிருந்து கன்னிமை என்று ஏறிக்கொண்டே போகும் விளக்கங்கள் நிறைய இருக்கின்றன. அடியில் இருக்கும் கல் ஆடினால் மேலே எதுவும் நிற்காது.

7. ஓவியரின் வாழ்க்கையைக் கடைசியில் கொண்டுவாருங்கள்

பவுலா மோடர்சோன்-பெக்கர் 1907-இல் ஒரு சுயஉருவப்படம் வரைந்தார். உயர்த்திய இடது கையில் இரண்டு பூக்கள். மற்றக் கை கருவுற்ற வயிற்றின் மேல். அந்த ஆண்டு நவம்பரில் மகள் பிறந்தாள்; மூன்று வாரம்கூட ஆகவில்லை, பவுலா 31 வயதில் இறந்துபோனார். இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்தப் பூக்களை அஞ்சலிப் பூக்களாகப் பார்க்காமல் இருப்பது கஷ்டம். ஆனால் வரையும்போது அவருக்கு அது தெரியாது. படத்தில் இருப்பவர் நேராக, திடமாக நம்மைப் பார்க்கிறார். ஒரு கை உயர்த்திக் காட்டுகிறது, மற்றக் கை காக்கிறது. இரண்டு பூக்களும் வயிற்றில் இருக்கும் உயிரும் ஒரே உடலின் இரண்டு கைகளில் இருக்கின்றன. தான் வரைவதும் தான் சுமப்பதும் என்று நான் படிக்கிறேன். சாவை அதற்குள் கொண்டுபோய் வைத்தால் அவருடைய அந்தத் தைரியத்தை நாம் பறித்துவிடுகிறோம்.

வாழ்க்கைக் கதை வேறு விதத்திலும் படத்தை மறைக்கும். ஓ'கீஃபின் பெரிய பூக்களில் விமர்சகர்கள் 1920-களிலிருந்தே பெண்ணுடலையும் பாலுறுப்பையும் கண்டார்கள். ஓ'கீஃப் அதை மறுத்துக்கொண்டே இருந்தார். பூவைப் பற்றி உங்களிடம் இருக்கும் எண்ணங்களை எல்லாம் என் பூவின் மேல் மாட்டிவிட்டு, அதை நான் சொன்னதாக எழுதுகிறீர்கள் என்ற பொருளில் 1939-இல் எழுதினார். அவர் சொன்னதால் அந்த வாசிப்பு முழுக்கத் தவறாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்; ஓவியரின் வார்த்தை கடைசித் தீர்ப்பு அல்ல. ஆனால் அந்த விமர்சகர்கள் ஆண்கள் வரைந்த பூக்களில் ஆணுடலைத் தேடினார்களா என்று கேட்பது நியாயம். உங்கள் விளக்கம் ஓவியர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் நிற்குமா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

8. ஒன்று காணாமல் போயிருந்தால்

சில படங்களில் பூவோ உடலோ ஒன்றுதான் இருக்கும், மற்றதன் இடம் காலியாக இருக்கும். ரெனே மக்ரீத்தின் 1964-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், வெள்ளை உடையணிந்த பெண்ணின் முகத்துக்கு நேராக வயலட் பூங்கொத்து ஒன்று மிதக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பூ. தலைப்பு "பெரும்போர்". அதைக் கடைசியில் படித்தால் அதிர்ச்சி சரியான நேரத்தில் வரும்.

எகோன் ஷீலே 1909-10 வாக்கில் வரைந்த சூரியகாந்திகளில் ஆளே இல்லை. ஒல்லியாக நிமிர்ந்து, தலை கறுத்து, இலைகள் தோளிலிருந்து தொங்கும் கைகளாகச் சரிந்த அந்தச் செடிகளை அவருடைய மனித உருவங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

9. எழுதிப் பாருங்கள்

வாசிப்பு மனசுக்குள் இருக்கும்வரை அது தெளிவாக இருப்பதாகத்தான் தோன்றும். ஒரு பத்தி எழுதினால் ஓட்டைகள் தெரியும். கண்டது, உறவு, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் பொருள், உங்கள் வாசிப்புக்கு ஒத்துவராத ஒரு விவரம் என்று அந்த வரிசையில் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள்.

மார்க் ஷகாலின் 1915-ஆம் ஆண்டு ஓவியமான "பிறந்தநாள்" பற்றி நான் எழுதினால் இப்படி வரும்:

"ஆண் காற்றில் மிதந்து, கழுத்தை வளைத்துப் பெண்ணை முத்தமிடுகிறான். அவனுக்குக் கைகள் தெரியவில்லை. பெண்ணின் கையில் பூங்கொத்து. ஆண் பூ கொடுப்பான், பெண் வாங்குவாள் என்ற வழக்கம் இங்கே புரண்டிருக்கிறது. கைகளும் பூவும் அவளிடம் இருப்பதால் கொடுப்பவள் அவள். அவன் வாங்கிக்கொண்டு எடையற்றுப் போனவன். பூ இன்னும் சாடிக்குள் போகவில்லை, அதனால் அவள் இப்போதுதான் வந்திருக்கிறாள். ஆனால் முத்தத்தைத் தொடங்கியவன் அவன்தான் என்று அவனுடைய கழுத்தின் வளைவு சொல்கிறது. கொடுப்பது முழுக்க ஒருபக்கம் என்று சொல்ல முடியாது."

இதற்கு அப்புறம்தான், படத்தில் இருக்கும் பெல்லாவும் ஷகாலும் அந்த ஜூலையில் திருமணம் செய்துகொண்டார்கள் என்ற செய்தியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் மேலே உள்ள ஒரு வரியையும் மாற்ற வேண்டியிராது. அப்படி மாற்ற வேண்டியிருந்தால் முதலில் கண்டதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

இன்னொரு சோதனை: மனசுக்குள் பூவை எடுத்துவிட்டுப் பாருங்கள். படம் கொஞ்சம் வெறுமையாவதோடு நின்றால் அது அலங்காரப் பூ. அதைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம். தெகாவின் படத்தில் பூவை எடுத்தால் படமே இல்லை. ஒலிம்பியாவில் எடுத்தால் பூவை அனுப்பிய மூன்றாவது ஆள் காணாமல் போவார்.

பயிற்சிக்கு மானே 1872-இல் வரைந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஓவியர் பெர்த் மொரிசோ கறுப்பு உடையில் இருக்கும் உருவப்படம். வயலட் பூங்கொத்து அந்தக் கறுப்புக்குள் கிட்டத்தட்டக் கரைந்திருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும். இன்னொன்று சின்ன ஓவியம். வயலட் பூங்கொத்து, ஒரு விசிறி, மொரிசோவின் பெயர் எழுதிய ஒரு காகிதம். ஆள் இல்லை. இரண்டுக்கும் முதல் ஐந்து படிகளைத் தனித்தனியாகச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு குறிப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டில் எதில் மொரிசோ அதிகமாக இருக்கிறார் என்ற கேள்விக்கு, குறிப்புகளில் உள்ள விவரங்களை மட்டும் வைத்துப் பதில் எழுதுங்கள்.